டோசிங் பம்ப்: சத்தம் வருகிறது, மருந்து போகவில்லை

கடைசித் தெருக் குழாயில் குளோரின் இல்லை என்று புகார் வந்து நீரேற்று நிலையத்துக்குப் போனால், வாசலிலேயே வரும் பதில் ஒன்றுதான்: "பம்ப் ஓடுதுங்களே சார்." ஆபரேட்டர் பொய் சொல்லவில்லை. ஹைப்போ டிரம்முக்குப் பக்கத்தில் பலகையில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு மின்னுகிறது, 'டக் டக்' என்ற சத்தமும் ஒரே சீராகக் கேட்கிறது. ஆனால் அந்தச் சத்தம் உள்ளே இருக்கும் காந்தச்சுருள் தண்டைத் தள்ளும் சத்தம். டிரம் காலியாக இருந்தாலும், ட்யூப் கழன்று தொங்கினாலும், ஹெட் முழுக்கக் காற்று நிறைந்திருந்தாலும் அது வந்துகொண்டேதான் இருக்கும்.

குடிநீருக்கான இந்தியத் தரக் குறிப்பு ஐ.எஸ். 10500 (2012), மக்கள் பிடிக்கும் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. அந்த 0.2 இல்லாத நாளில் வயிற்றுப்போக்கு முதலில் வருவது சின்னக் குழந்தைகளுக்குத்தான். அதனால் இந்த அத்தியாயத்தைப் படிப்பவர்கள் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்: காதை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். பம்ப்பைக் கழற்றுவது கடைசி வேலை. டிரம்மின் அடியில் தொடங்கி, மருந்து போகும் வழியிலேயே நீங்களும் போனால் பெரும்பாலான கோளாறுகள் பம்ப்புக்கு வெளியிலேயே பிடிபட்டுவிடும்.

குடிநீரில் சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது ஹைப்போ, கலக்கும் சிறிய டயாஃப்ரம் பம்ப்பைத்தான் இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஆர்.ஓ. ஆலையில் ஆன்டிஸ்கேலன்ட், சாயக் கழிவுநீர் நிலையத்தில் ஆசிட், பாய்லர் தண்ணீரில் பாஸ்பேட் என்று எதைத் தள்ளினாலும் பம்ப்பின் இயக்கம் ஒன்றுதான். மருந்துக்கு மருந்து மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

தொடுவதற்கு முன்

ஹைப்போவும் ஆசிட்டும் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறைக்குள் அது உயிரை வாங்கிவிடும். வால்வில் படிந்த வெள்ளைப் படிவை ஆசிட்டில் கழுவுவது இந்த வேலையில் அடிக்கடி நடப்பது. ஆகவே ஆசிட் பாட்டிலைத் திறப்பதற்கு முன் பம்ப் ஹெட், ட்யூப், வால்வ் எல்லாவற்றையும் நல்ல தண்ணீர் விட்டு அலசியே ஆக வேண்டும். ஹைப்போவுக்கு வைத்திருந்த பம்ப்பை அவசரத்துக்கு ஆசிட்டுக்கோ படிகாரக் கரைசலுக்கோ மாற்றும்போதும் இதே விதிதான். பி.ஏ.சி. (பாலி அலுமினியம் குளோரைட்), படிகாரம் இரண்டும் அமிலத் தன்மை கொண்டவை என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

கந்தக அமிலம் என்றால் எச்சரிக்கை தலைகீழாகிறது. புதுப் பம்ப் கம்பெனியில் தண்ணீர் விட்டுச் சோதிக்கப்பட்டே வரும். ஹெட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். அடர் கந்தக அமிலம் அதில் பட்டால் கொதித்துத் தெறிக்கும். ஹெட்டைக் கவிழ்த்து வடித்து, முழுக்க உலர்த்திய பிறகே பொருத்துங்கள்.

கண்ணாடி, ரப்பர் கையுறை, ஏப்ரன் மூன்றும் வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. டிஸ்சார்ஜ் ட்யூபுக்குள் பிரஷர் தேங்கி நிற்கும், அதனால் நட்டைத் தளர்த்துவதற்கு முன் ப்ளீட் வால்வைத் திறந்து பிரஷரை இறக்கிவிடுங்கள். முகத்தை நேராகக் கொண்டுபோகாமல் ஒரு பக்கமாக நின்று வேலை செய்யுங்கள். அறையின் கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

எவ்வளவு போக வேண்டும், எவ்வளவு போகிறது

இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் கோளாறு தேடுவது வீண் வேலை. போக வேண்டிய அளவை முதலில் கணக்கிடுவோம். மணிக்கு 50,000 லிட்டர் தண்ணீர் ஏறுகிறது, லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கிராம் குளோரின் தேவை. ஹைப்போ 10 சதவீதம் என்றால் ஒரு லிட்டரில் 100 கிராம் குளோரின் இருக்கும். ஆக மணிக்கு 1 லிட்டர், நிமிடத்துக்குச் சுமார் 17 மி.லி. இந்த எண்ணை பம்ப்புக்கு மேலே சுவரில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.

போகிற அளவைப் பார்க்க, சக்ஷன் பக்கத்தில் கோடு போட்ட அளவுக் குழல் ஒன்று இருக்க வேண்டும். குழலை நிரப்பி, டிரம்மிலிருந்து வரும் வால்வை மூடி, பம்ப்பைக் குழலிலிருந்து மட்டும் இழுக்கவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை மி.லி. இறங்கியது என்று பாருங்கள். சிலர் டிஸ்சார்ஜ் ட்யூபைக் கழற்றி ஒரு கிளாசில் பிடித்து அளப்பார்கள். அந்த அளவு ஏமாற்றும். மெயின் பைப்பில் 3 பார் பிரஷருக்கு எதிராகத் தள்ளும் பம்ப், திறந்த கிளாசில் இன்னும் கூடுதலாகவே தள்ளும். வேலை செய்யும் பிரஷரில், சக்ஷன் பக்கத்தில் அளப்பதுதான் சரியான முறை. அளவுக் குழல் பொருத்தாத நிலையத்தில் அதை வாங்கிப் பொருத்துவதற்கு ஈடான செலவு வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அளந்தால் நான்கில் ஒன்று தெரியவரும். ஒன்றுமே இறங்காது, குறைவாக இறங்கும், அதிகமாக இறங்கும், அல்லது சரியாகவே இறங்கியும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்காது. நான்கும் வெவ்வேறு இடத்தைக் காட்டும்.

ஒன்றுமே இறங்கவில்லை: முதல் சந்தேகம் காற்று

ஹைப்போவில் ஓடும் பம்ப்புகளை அதிகம் நிறுத்துவது காற்று. சரியாகச் சொன்னால் ஆக்சிஜன். ஹைப்போ சும்மா இருந்தாலே மெல்லச் சிதைந்து வாயு விட்டுக்கொண்டிருக்கும். வெயில் ஏற ஏற அதிகமாகும். மே மாத மதியத்தில் சக்ஷன் ட்யூபை உற்றுப் பார்த்தால், உள்சுவரில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருப்பதும், ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி மேலே நழுவுவதும் கண்ணுக்கே தெரியும். அவை எல்லாம் போய்ச் சேரும் இடம் பம்ப் ஹெட்.

மணிக்கு 6 லிட்டர் தள்ளும் பம்ப், நிமிடத்துக்கு 180 முறை அடிக்கிறது என்றால் ஒரு அடிக்குத் தள்ளுவது அரை மி.லி.யைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்த அரை மி.லி. இடத்தில் ஒரு குமிழி உட்கார்ந்துவிட்டால் டயாஃப்ரம் முன்னே வரும்போது குமிழி சுருங்கும், பின்னே போகும்போது விரியும். மேல் வால்வைத் தூக்கும் அளவுக்குப் பிரஷரும் வராது, கீழ் வால்வைத் திறக்கும் அளவுக்கு இழுப்பும் வராது. பம்ப் அடித்துக்கொண்டே இருக்கும், மருந்து நகராது. இதைத்தான் ஏர் லாக் என்கிறோம்.

எடுக்கும் வழி: ப்ளீட் வால்வைத் திறங்கள். அதிலிருந்து வரும் சின்ன ட்யூப் டிரம்முக்குள் திரும்பிப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோக் நீளத்தை 100-க்கு ஏற்றி, வேகத்தையும் கூட்டி ஓட விடுங்கள். குமிழி நின்று மருந்து மட்டும் தொடர்ந்து வந்ததும் ப்ளீட்டை மூடி, பழைய அளவுக்குத் திரும்புங்கள். அப்படியும் ஏறாவிட்டால் உள்ளே வால்வ் பால்கள் (வால்வை மூடும் சிறு பந்துகள்) காய்ந்து கிடக்கின்றன என்று அர்த்தம். காய்ந்த பால் சீட்டில் சரியாக உட்காராது. பிரஷரை இறக்கி, மேல் வால்வைக் கழற்றி, ஹெட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு நனைத்துவிட்டால் போதும், இழுத்துக்கொள்ளும். கந்தக அமிலப் பம்ப்பில் இதைச் செய்யவே கூடாது.

ஏர் லாக்கை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் மதியம் அதே போன் வரும். காரணத்தை எடுக்க வேண்டும். ஸ்ட்ரோக் நீளத்தைப் பாருங்கள். பல நிலையங்களில் வேகம் 100-லும் நீளம் 15-லுமாக வைத்திருப்பார்கள். மணிக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கு அதிலும் கிட்டத்தட்டச் சரியாக வரும். ஆனால் அவ்வளவு சின்ன அடியால் எந்தக் குமிழியையும் வெளியே தள்ள முடியாது. நீளத்தை 50-லும் வேகத்தை 33-லும் வைத்தால் அதே ஒரு லிட்டர்தான் போகும், குமிழியும் கூடவே வெளியேறும். ஹைப்போவுக்கு எப்போதும் நீண்ட அடி, குறைந்த வேகம். நீளத்தை 30-க்குக் கீழே இறக்க வேண்டிய நிலை வந்தால் பம்ப் உங்கள் தேவைக்குப் பெரியது என்று பொருள். நீளத்தைத் திருகும் குமிழைப் பெரும்பாலான மாடல்களில் பம்ப் ஓடும்போது மட்டுமே திருப்ப வேண்டும். நின்றிருக்கும்போது பலவந்தமாகத் திருகினால் உள்ளே அடி வாங்கும்.

அடுத்தது சக்ஷன் ட்யூப். அது குட்டையாக இருக்க வேண்டும், டிரம்மிலிருந்து பம்ப் வரை எங்கும் வளைந்து இறங்காமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் குமிழிகள் அங்கேதான் கூடும். இந்த வகைப் பம்ப்புகள் மேலே இழுக்கும் உயரம் பொதுவாக ஒன்றரை மீட்டர். அதுவும் தண்ணீருக்குச் சொன்ன கணக்கு. டிரம்மை பம்ப்பைவிட உயரத்தில் வைத்து, மருந்து தானாக இறங்கி வரும்படி அமைத்தால் ஏர் லாக் தொல்லை பாதிக்கு மேல் குறைந்துவிடும். ஆனால் அந்த அமைப்பில் ட்யூப் வெடித்தால் டிரம் முழுக்கத் தரையில் கொட்டும். அடைப்பு வால்வும், டிரம்மைச் சுற்றிக் கட்டிய சிறு தொட்டியும் அவசியம்.

ட்யூப் நுனியை ஹாக்ஸாவால் அறுக்காதீர்கள். பிளேடால் நேராக வெட்டுங்கள். நட்டைக் கையால் இறுக்கினாலே போதும். ஸ்பானர் போட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும். அந்த விரிசலில் மருந்து கசியாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்கும் தெரியாது. ட்யூப் நட்டில் டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். அதன் நார் ஒன்று பிய்ந்து வால்வுக்குள் போனால் பால் உட்காராது.

ட்யூபின் அடியில் ஃபுட் வால்வ் செங்குத்தாகத் தொங்க வேண்டும். படுத்துக் கிடந்தால் பால் மூடாது. டிரம்மின் அடித்தரையிலிருந்து ஒரு ஐந்து செ.மீ. உயரத்தில் இருந்தால் வண்டலை இழுக்காது. பிளீச்சிங் பவுடர் கரைத்துப் போடும் ஊர்களில் இது மிக முக்கியம். பவுடரில் கரையாத சுண்ணாம்பு நிறைய. கரைத்த டிரம்மிலேயே ஃபுட் வால்வைப் போட்டால் இரண்டே நாளில் பம்ப் அடைத்துக்கொள்ளும். ஒரு டிரம்மில் கரைத்து, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் இன்னொரு டிரம்முக்கு மாற்றுங்கள்.

இத்தனையும் பார்த்தும் பிடிபடாவிட்டால் ஒரு சோதனை இருக்கிறது. எந்த ஃபிட்டரும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். சக்ஷன் ட்யூபைப் பம்ப்பிலிருந்து கழற்றுங்கள். ஒரு முழம் புது ட்யூபை அங்கே மாட்டி, மறுமுனையை ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் விடுங்கள். பம்ப் இழுத்தால் கோளாறு ட்யூபிலும் ஃபுட் வால்விலும் டிரம்மிலும் இருக்கிறது. இழுக்காவிட்டால் ஹெட்டுக்குள் இருக்கிறது. கந்தக அமிலத்துக்கு மட்டும் இதைத் தவிருங்கள்.

குறைவாக இறங்குகிறது: வால்வைப் பாருங்கள்

ஹெட்டின் கீழே ஒரு வால்வ், மேலே ஒரு வால்வ். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பால், அது உட்காரும் சீட், ஓ-ரிங். பெரும்பாலும் ஸ்பிரிங் கிடையாது, பால் தன் எடையாலேயே மூடிக்கொள்கிறது. அதனால்தான் பம்ப் நேராக நிற்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்; சாய்ந்த பலகையில் வைத்த பம்ப்பின் அளவு ஒரு நாளும் நிலையாக இருக்காது.

பால் முழுக்க மூடாதபோது தள்ளிய மருந்தில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க அளவுக் குழலே போதும். நல்ல பம்ப்பில் ஒவ்வொரு அடிக்கும் மட்டம் ஒரு படி இறங்கி அங்கேயே நிற்கும். வால்வ் கெட்ட பம்ப்பில் இறங்கி, மீண்டும் கொஞ்சம் ஏறும்.

கழற்றும்போது மேலும் கீழும் மாறிவிடாமல் இருக்க முதலில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வால்வ் உறையில் அம்புக்குறி இருக்கும்; அது எப்போதும் மேலே பார்க்க வேண்டும். தண்ணீரில் அலசிய பின் ஒரு வெள்ளைத் துணியில் பாகங்களை வரிசையாகப் பிரித்து வையுங்கள். சீட்டின் விளிம்பைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல வெள்ளை வளையம் தெரிந்தால் அது கால்சியம் கார்பனேட். ஹைப்போ கடும் காரத் தன்மை உடையது. அதைக் கடின நீரில் கலந்து நீர்த்தால் அந்த நீரில் உள்ள சுண்ணாம்பு அங்கேயே படியத் தொடங்கும். போர் தண்ணீரில் ஹைப்போவை நீர்த்துப் போடும் நிலையங்களில் இந்த வளையத்தைக் கட்டாயம் பார்க்கலாம். நீர்க்க வேண்டும் என்றால் ஆர்.ஓ. தண்ணீரோ மென்னீராக்கியில் வந்த தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

படிவு நீங்க வினிகரிலோ நன்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ பத்து, பதினைந்து நிமிடம் ஊறவையுங்கள். நுரைத்துக் குமிழி வருவது நின்றால் சுண்ணாம்பு கரைந்துவிட்டது. பின்பு ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள், ஆசிட் துளிகூட மிஞ்சக் கூடாது. கம்பியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ சீட்டைச் சுரண்ட வேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் அந்தச் சீட் அவ்வளவுதான். பாலை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். பளபளப்பு போய் மங்கியிருந்தாலோ கோடு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள்.

மாட்டுவதற்கு முன் வால்வை நிமிர்த்திப் பிடித்து மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். ஒழுகாமல் நின்றால் சரி. வாயை வைத்து ஊதிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை இன்றே நிறுத்த வேண்டும், எத்தனை முறை அலசியிருந்தாலும்.

வால்வ் சரியாக இருந்தும் குறைவாகவே போனால் மறுமுனைக்குப் போங்கள். மெயின் பைப்பில் மருந்து நுழையும் இன்ஜெக்ஷன் வால்வில் இதே சுண்ணாம்பு இன்னும் வேகமாகக் கட்டும். ஏனெனில் அடர்ந்த ஹைப்போவும் கடின நீரும் முதன்முதலில் சந்திக்கும் இடம் அதுதான். அடைப்பு கூடக் கூட 'டக்' சத்தம் கனத்து மந்தமாகும், டிஸ்சார்ஜ் ட்யூப் ஒவ்வொரு அடிக்கும் துள்ளும், இணைப்புகள் கசியும். காந்தச்சுருள் பம்ப் ஓர் அளவுக்கு மேல் தள்ள முடியாமல் நின்றுவிடும். மோட்டார் பம்ப் நிற்காது. எது பலவீனமோ அதை உடைக்கும்வரை தள்ளும். ஆகவே மோட்டார் பம்ப்பின் டிஸ்சார்ஜில் ரிலீஃப் வால்வ் கட்டாயம். இன்ஜெக்ஷன் நுனி பைப்பின் நடுப்பகுதிவரை நீண்டிருக்க வேண்டும். சுவரோரம் நின்றால் மருந்து கலக்காமல் சுவரை ஒட்டியே ஓடும், அந்த இடத்துப் பைப் அரித்துப்போகும்.

அதிகமாகப் போகிறது

இதைப் பலர் கோளாறாகவே நினைப்பதில்லை. மருந்து கூடினால் நல்லதுதானே என்பார்கள். குடிப்பவர்கள் வாடை தாங்காமல் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீருக்குப் போய்விட்டால் கலந்தது அத்தனையும் வீண்.

பெரும்பாலும் காரணம் சைஃபன். மருந்து விழும் இடம் டிரம்மைவிடத் தாழ்வாக இருந்தாலோ, பெரிய மோட்டாரின் சக்ஷன் பைப்பில் மருந்தைக் கொடுத்தாலோ, பம்ப்பைக் கேட்காமலே மருந்து இறங்கும். இரண்டு வால்வும் ஒரே திசையில் திறப்பவை. அந்தத் திசையில் இழுப்பு இருந்தால் அவை தடுக்காது. சோதனை எளிது. டோசிங் பம்ப்பை மட்டும் நிறுத்துங்கள், பெரிய மோட்டார் ஓடட்டும். அளவுக் குழலில் மட்டம் இறங்கிக்கொண்டே இருந்தால் சைஃபன்தான். டிஸ்சார்ஜில் பேக் பிரஷர் வால்வோ ஆன்டி சைஃபன் வால்வோ பொருத்தினால் தீரும். ஏற்கெனவே பொருத்தியிருந்தால் அதன் உள் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், ஸ்பிரிங் அரித்திருக்கலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆபத்து, மெயின் மோட்டார் நின்ற பிறகும் டோசிங் பம்ப் ஓடிக்கொண்டிருப்பது. ஓடாத தண்ணீரில் மருந்து ஒரே இடத்தில் தேங்கும். மோட்டார் திரும்ப ஓடும்போது அந்த அடர் மருந்து முழுவதும் முதல் வீட்டுக் குழாய்க்குப் போகும். நீச்சல் குளங்களில் இது இன்னும் கொடியது. அங்கே ஹைப்போவுக்கு ஒரு பம்ப், ஆசிட்டுக்கு ஒரு பம்ப் இருக்கும். சுழற்சி மோட்டார் நின்று, இரண்டும் தொடர்ந்து ஓடினால் இரண்டு மருந்தும் ஒரே பைப்பில் சேர்கின்றன. மோட்டாரைப் போட்டதும் குளோரின் வாயு குளத்துக்குள் வரும். இப்படி நடந்து குளித்துக்கொண்டிருந்தவர்கள் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. டோசிங் பம்ப்பின் மின்சாரம் மெயின் மோட்டார் ஸ்டார்ட்டர் வழியாகவே வர வேண்டும். முடிந்தால் பைப்பில் ஃப்ளோ சுவிட்சும் வையுங்கள். மோட்டார் ஓடியும் தண்ணீர் வராத நேரத்தை ஸ்டார்ட்டரால் அறிய முடியாது.

டயாஃப்ரம், கரண்ட்

ஹெட்டுக்குப் பின்னால், கீழ்ப்பக்கம் ஒரு சிறிய துளை இருக்கும். அதிலிருந்து ஒரு சொட்டு மருந்து வந்தாலும் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள். கசிவு தொல்லையாக இருக்கிறதென்று எம்-சீல் வைத்து அந்தத் துளையை அடைப்பவர்கள் உண்டு. மருந்து வெளியேற வழியில்லாமல் காந்தச்சுருளுக்குள் போய் முழுப் பம்ப்பையும் தின்றுவிடும். புது டயாஃப்ரமின் டெஃப்லான் முகம் மருந்தைப் பார்க்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள், ஒருநாள் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள். பிளாஸ்டிக் ஹெட் முதல் நாளில் கொஞ்சம் தளர்ந்துகொடுக்கும்.

சத்தமே வராத பம்ப்பில் ஃப்யூஸ், வோல்டேஜ் பார்த்த பிறகு டிரம்மின் மட்ட மிதவையைப் பாருங்கள். உப்புப் பூத்து மிதவை ஒட்டிக்கொண்டால், டிரம் காலி என்று நினைத்துப் பம்ப் நின்றுவிடும். யாராவது பொத்தானை அழுத்தி வெளிச் சிக்னலுக்கு மாற்றியிருந்தாலும் பம்ப் வராத சிக்னலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

அளவு சரி, ஆனாலும் குளோரின் இல்லை

நிமிடத்துக்கு 17 மி.லி. சரியாக இறங்குகிறது, குழாய்த் தண்ணீரை குளோரோஸ்கோப்பில் (குளோரினை நிறத்தால் காட்டும் சோதனைக் கருவி) பார்த்தால் மட்டும் நிறம் வரவில்லை. இப்போது பம்ப்பை விட்டுவிடுங்கள், டிரம்மைப் பாருங்கள். 10, 12 சதவீதம் என்று வாங்கிய ஹைப்போ அப்படியே இருப்பதில்லை. வெப்பம் 10 டிகிரி கூடினால் அது சிதையும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் ஏறுகிறது. தகரக் கூரைக்கு அடியில் கோடையில் கிடந்த கேன் சில வாரங்களிலேயே 7 சதவீதத்துக்கு வந்திருக்கலாம். அப்போது அதே 100 கிராம் குளோரினுக்கு நிமிடத்துக்கு 24 மி.லி. போக வேண்டும், சுவரில் எழுதிய 17 போதாது.

பலத்தைச் சரிபார்க்க ஆய்வுக்கூடம் வரை போக முடியாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 50 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் உங்கள் ஹைப்போ 1 மி.லி. விட்டு நன்றாகக் கலக்குங்கள். ஹைப்போ 10 சதவீதம் இருந்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்ட வேண்டும். குளோரோஸ்கோப்பில் 1.4 என்று வந்தால் மருந்து 7 சதவீதம். சாதாரணத் தண்ணீரில் செய்தால் அதிலுள்ள அழுக்கு கொஞ்சம் குளோரினைத் தின்றுவிடும், கணக்கு தவறும்.

கேனை வெயில் படாமல், கறுப்பு அல்லது நீல டிரம்மில், நிழலில் வையுங்கள். முதலில் வந்ததை முதலில் தீருங்கள். மூன்று மாதத்துக்கான மருந்தை மொத்தமாக வாங்குவது விலை மலிவாகத் தெரியும். பாதி பலம் காற்றோடு போன பிறகு அது மலிவு இல்லை. வந்த 12 சதவீதத்தை நல்ல மென்னீரில் பாதியாக நீர்த்து வைத்தால் சிதைவு வெகுவாகக் குறையும். ஹைப்போ வழியில் சாதாரண பால் வால்வ் போடாதீர்கள். மூடிய நிலையில் அந்தப் பந்துக் குழிக்குள் சிக்கிய மருந்து வாயு விட்டு வால்வையே பிளந்துவிடும். ஒரு பக்கம் துளையிட்ட வால்வ்கள் இதற்கென்றே கிடைக்கின்றன. துளை டிரம் பக்கம் பார்க்க வேண்டும்.

ஆன்டிஸ்கேலன்ட் டிரம்மில் பலம் குறைவதைவிடப் பாசி பிடிப்பதுதான் பிரச்சினை. அதிகமாக நீர்த்த கரைசலில் வழவழப்பான படலம் வளர்ந்து ஃபுட் வால்வை மூடும். மாதம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள்.

அலமாரியில் இருக்க வேண்டியவை

ஒரு டயாஃப்ரம், மேல் கீழ் வால்வ் ஒரு ஜோடி, ஃபுட் வால்வ், இன்ஜெக்ஷன் வால்வ், ஐந்து மீட்டர் ட்யூப், ஓ-ரிங் ஒரு செட். ஓ-ரிங் வாங்கும்போது மருந்தின் பெயரைச் சொல்லி, பம்ப் புத்தகத்தில் போட்டிருக்கும் ரப்பர் வகையையே கேட்டு வாங்குங்கள். பார்க்க எல்லாம் ஒரே கறுப்பு வளையம்தான், தவறான ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். முடிந்தால் அதே மாடலில் இரண்டாவது பம்ப் ஒன்றைப் பக்கத்திலேயே மாட்டி, வாரம் மாற்றி வாரம் இரண்டையும் ஓட்டுங்கள். சும்மா வைத்த பம்ப்பில் ஹைப்போ காய்ந்து பால் ஒட்டிக்கொள்ளும், ஆகவே நிறுத்தும் பம்ப்பில் கொஞ்ச நேரம் நல்ல தண்ணீர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

பம்ப் பழுதுபார்க்கப் போய், மாற்றுப் பம்ப்பும் இல்லை என்றால் தண்ணீர் விடுவதை மட்டும் குளோரின் இல்லாமல் தொடர வேண்டாம். மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவுக்கு வேண்டிய ஹைப்போவைக் கணக்கிட்டு, தொட்டி நிரம்பும்போதே விழும் தண்ணீரோடு சேர்த்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டு வால்வைத் திறந்து, கடைசித் தெருவில் குளோரோஸ்கோப் வைத்துப் பாருங்கள். ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கில், 10 சதவீத ஹைப்போ 2 லிட்டர்.